பதினாலாம் நாள் புளிக்காய்ச்சல்

"…எழுந்து வந்து சொல்லப் போறாரா? சொல்ல மாட்டார். அவர் வாய் கல்லு ஓய். வெளியில வரிசையில நிக்கறவா வாய் கல்லு இல்லை."

இதைச் சொன்னவர் கறுப்புச் சட்டைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் அப்படிப் பேசியவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருந்தார்கள். செங்கல்பட்டில் மேடை போட்டே பேசினார்கள். இவரோ நெற்றி நிறையத் திருமண் இட்டுக்கொண்டு, முப்பது வருஷம் பெருமாளுக்குச் சமைத்துப் போட்ட மனிதர். சொன்னதும் பெருமாளைப் பற்றித்தான். கோயில் மடைப்பள்ளியின் பின்கதவில் நின்றுகொண்டு, சன்னிதி இருக்கிற திசையில் கையை நீட்டிச் சொன்னார். சொல்லிவிட்டு ஒன்று செய்தார். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆளைச் சொல்ல வேண்டும்.

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக் கடற்கரைக்கும் நடுவில் இருந்தது அந்தக் கோயில். சின்னக் கோயில். ஊர்ப் பேர் வேண்டாம், அவர் பேரும் வேண்டாம். நாங்கள் சாமி என்றுதான் கூப்பிட்டோம். நான் அந்த மடைப்பள்ளிக்குச் சவுக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தேன். நெம்மேலிப் பக்கத்துத் தோப்பில் வண்டி கட்டி, கால்வாயைத் தாண்டி, வாரத்துக்கு இரண்டு நடை. பின்கதவு வரைக்கும்தான் எனக்கு வழி. வாசற்படிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நானும் என் மாடுகளும். எனக்கு அவர் வைத்த பேர் 'சவுக்கு'. "டேய் சவுக்கு, ஈர விறகா கொண்டு வந்து என் கண்ணைப் பிடுங்கறியே, நீ நன்னா இருப்பியா?" என்றுதான் வரவேற்பார். அவர் கண்ணைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டதற்குக் காரணம் இருந்தது.

பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெருமாளுக்குப் படைக்கிற வரைக்கும் சமைக்கிறவர் எதையும் ருசி பார்க்கக் கூடாது. ருசி என்ன, மோந்துகூடப் பார்க்கக் கூடாது. முதல் வாசனை அவருக்குத்தான். எச்சில் பட்டுவிட்டது என்று ஆகிவிட்டால் அந்தப் பண்டம் மொத்தமும் வீண். அண்டாவாக இருந்தாலும் மண்ணில் கொட்ட வேண்டியதுதான். எச்சில் பண்ணின ஆளுக்கு அந்த அடுப்பு மட்டும் போகாது, வேறு எந்தக் கோயிலிலும் அடுப்பங்கரைப் பக்கம் சேர்க்க மாட்டார்கள். இது எனக்கு அவர் சொன்னது.

அதனால் அவர் மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு ஈரத்துணியால் கட்டியிருப்பார். பழைய வேட்டியில் கிழித்த நாலு மடிப்புத் துணி. பேச்சு பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி வரும். இத்தனை வருஷத்தில் அவருடைய முழு முகத்தை மடைப்பள்ளிக்குள் நான் பார்த்ததில்லை. கண் இரண்டு, அதற்கு மேல் திருமண், அதற்கு மேல் வியர்வை. அவ்வளவுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு பண்டம் கெட்டதா நல்லதா என்று நாம் எப்படித் தெரிந்துகொள்கிறோம்? மூக்குக்குக் கொண்டுபோகிறோம். சந்தேகம் இருந்தால் நாக்கு நுனியில் வைக்கிறோம். இந்த மனிதருக்கு இரண்டும் கிடையாது. மிச்சம் இருந்தது கண், காது, விரல். அந்த மூன்றை வைத்துக்கொண்டு அவர் செய்ததை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. சோற்றைப் பெருவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் அழுத்தி மெல்லப் பிரிப்பார். நடுவில் சிலந்தி விட்ட மாதிரி ஒரு இழை வந்தால் அந்தச் சோறு போயிற்று. தயிர்ப் பானையைச் சாய்த்து, தயிர் ஓரத்தை விட்டு எப்படி விலகுகிறது என்று பார்ப்பார். தேங்காயைக் காதோரம் ஆட்டுவார். வெல்லத்தை உடைத்து, உடைந்த இடம் மினுக்குகிறதா, அழுகிறதா என்று பார்ப்பார். அழுகிறதா என்பது அவர் வார்த்தைதான்.

"சோத்துக்கு முகம் இருக்குடா. நாம மூக்கை நீட்டிண்டு போறதால முகத்தைப் பாக்கறதே இல்லை" என்பார்.

ஒரு நாள் கேட்டேன். "இன்னா சாமி, மூக்குன்னு ஒண்ணு கீது, அத்த கட்டி வெச்சிக்கினு இன்னா பொழப்பு இது?"

"மூக்கு பெருமாளோடது. கண்ணு என்னுது" என்றார்.

மூக்கு மந்தம் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். வேலை முடிந்து துணியை அவிழ்த்துவிட்டு, தெருவில் என்னைத் தாண்டிப் போகிறபோது என் துண்டின் காற்று பட்டால் போதும். "நேத்து ராத்திரி வாளை மீனா? புளி கொஞ்சம் தூக்கலா விட்டிருக்கா உன் ஆம்படையா" என்பார். வாழ்நாளில் மீனைத் தொடாத மனிதர்! வீட்டில் போய்ச் சொன்னால் என் பெண்சாதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். "அய்யரு நம்ம கொழம்பத்தான் மோந்துகினு கீறாரா?" என்பாள். அவர் ஐயங்கார் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு ஏறவில்லை.

அப்படி இருந்த இடத்துக்குத்தான் போர்டு வந்தது.

கோயில் நிர்வாகத்துக்குப் புதிதாக ஒரு ஆபீசர் வந்தார். இளைத்த ஆள், பேனாவை மூடாமலே பேசுவார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். முந்தின வருஷம் வேறு எங்கோ பிரசாதம் சாப்பிட்டு யாருக்கோ வயிற்றுப்போக்கு, மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது, எதையாவது எழுதி மாட்ட வேண்டும். கறுப்புப் பலகையில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதி மடைப்பள்ளிச் சுவரில் அடித்துவிட்டார். தயிர்சாதம் அன்று பொழுது சாயும் வரை. வடை மறுநாள் வரை. அதிரசம் ஏழு நாள். புளிக்காய்ச்சல் பத்து நாள். அதற்கு மேல் போனால் கொட்டிவிட வேண்டும்.

சாமி அந்தப் போர்டைப் படிக்க மறுத்துவிட்டார். நான்தான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். கடைசி வரி வந்ததும் அவர் கண் மட்டும் சிரித்தது. "டேய், என் புளிக்காய்ச்சல் ஒரு மாசம் நிக்கும். அந்தப் பெயின்ட்டு நிக்குமா கேளு" என்றார். ஆபீசர் அங்கேதான் இருந்தார். இந்தச் சொல் பின்னால் சாமியின் தலையிலேயே வந்து விழுந்தது.

எட்டாம் நாள் அதிரசம் ஒரு கூடை மிஞ்சியிருந்தது. ஆபீசர் கொட்டச் சொன்னார். பெருமாளுக்குப் படைத்து முடிந்த அதிரசம், அதனால் தொடலாம், தின்னலாம். சாமி துணியை அவிழ்த்துவிட்டுப் பின்கதவுக்கு வெளியே வந்து கூடை பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றை எடுத்து ஆபீசர் காதுக்கு நேராகப் பிடித்து ஒடித்தார்.

"கேட்டேளா? கெட்டுப்போன அதிரசம் சத்தம் போடாது. அமுங்கும்."

"ஏழு நாள் என்று எழுதியிருக்கிறது, சாமி."

"தேதி காலண்டருக்கு ஆபீசர்வாள். சோத்துக்கு முகம்."

சொல்லிவிட்டு நாலு அதிரசம் தின்றார். அவசரமே படவில்லை. எனக்கு மூன்று, கோயில் வாசலில் பூ விற்கிற பூக்காரம்மாவுக்கு இரண்டு, என் மாட்டுக்கு ஒன்று. "நாளைக்குக் காலம்பற நான் வரலைன்னா போர்டுக்கு ஒரு மாலை போடுங்கோ" என்று ஆபீசரிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் விடிந்ததும் போர்டுக்குக் கீழே கைகட்டி நின்று, ஆபீசர் வரும்வரை காத்திருந்து, அவர் கண் எதிரே போர்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுப்பு மூட்டப் போனார். "தேதி காலண்டருக்கு" என்பது ஊரில் பரவிவிட்டது. பஸ் கண்டக்டர்கூடப் பழைய டிக்கெட்டை நீட்டுகிறவனிடம் அதையே சொல்லித் திட்டினார்.

இதோடு நிறுத்தினால் அவர் போர்டுக்கு எதிரி, அவ்வளவுதான் என்று ஆகிவிடும். அப்படி இல்லை. ஒரு சித்திரை மாதம். காலை பத்து மணிதான் இருக்கும், தயிர்சாதம் தயார், அடுத்துப் பெருமாளுக்குப் போக வேண்டியது. போர்டுப்படி பொழுது சாயும் வரை அதற்கு ஆயுசு. சாமி இரண்டு விரலால் அழுத்திப் பிரித்தார். கொட்ட வேண்டியதுதான் என்றார். சதுரங்கப்பட்டினத்திலிருந்து நடந்து வந்த ஜனம் கொளுத்துகிற வெயிலில் பாத்திரத்தோடு நிற்கிறது.

பூக்காரம்மா கத்தினாள். "சாமி, பத்து மணிக்கே இன்னா ஆச்சு அதுக்கு?"

"நூல் விடறதும்மா."

"உட்டா உடட்டும், தெச்சிக்கினு துன்றோம்! பசிக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், தோள் குலுங்கியதில் தெரிந்தது. ஆனாலும் கொட்டினார். அன்றைக்கு ஆபீசர்தான் "பொழுது சாயும் வரை என்று தெளிவாக எழுதியிருக்கிறதே" என்று வாதாடினார். "எழுதினது நீங்க. வெயில் அதைப் படிக்கலையே" என்றார் சாமி.

தப்பே செய்யாதவர் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை சர்க்கரைப் பொங்கல் முழுவதையும் கொட்டினார். நிறம் கறுத்திருக்கிறது, முகம் சரியில்லை என்றார். கொட்டின பிறகுதான் தெரிந்தது, கடையிலிருந்து வந்தது வேறு ஊர் வெல்லம், அதன் நிறமே அப்படி. பொங்கல் நல்ல பொங்கல். அன்று நாற்பது பேராவது வெறும் வயிற்றோடு திரும்பிப் போனார்கள். அவர்களில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் கால்வாய்க்கரையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் சாமி இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "பாத்தது கண்ணு, தப்பு என்னுது" என்றார். ஆபீசர் இதற்கு எழுத்தில் விளக்கம் கேட்டார். இன்னொரு தடவை சொந்த இஷ்டத்துக்குக் கொட்டினால் வேலை போகும் என்று அந்தத் தாளிலேயே இருந்தது. தகப்பனார் வழியில் வந்த வேலை. வேறு தொழில் தெரியாது, துண்டு நிலம் கிடையாது, இருந்ததே கோயில் கொடுத்த ஓட்டு வீடு. அந்தத் தாளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டுதான் ஆறு மாதம் சமைத்தார். "தாளுக்கும் முகம் இருக்குடா, உர்ருனு இருக்கு" என்று என்னிடம் சொன்னார்.

இப்போது, அவரை அப்படிப் பேச வைத்த அண்டாவுக்கு வருகிறேன்.

செங்கல்பட்டில் அரிசி மண்டி வைத்திருந்த ஒரு பெரிய மனிதர், புரட்டாசி சனிக்கிழமைப் புளியோதரைக்கு உபயதாரர். ஒவ்வொரு வருஷமும் இரண்டாவது சனிக்கிழமை அவருடையது. அந்த வருஷம் அவர் நாளில் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. வரிசையில் நின்றவர்களை விரல் விட்டு எண்ணலாம். சாமி கிண்டி வைத்த புளிக்காய்ச்சலில் பாதிக்கு மேல் சோற்றில் கலக்காமல் மிஞ்சியது. கலக்காததால் அது பெருமாளுக்கும் படைக்காதது. மண்டிக்காரருக்கு மனசு ஆறவில்லை. கடைசிச் சனிக்கிழமையும் நானே செய்கிறேன், அந்தப் புளிக்காய்ச்சலையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். சாமியும் சரி என்றார். பீங்கான் ஜாடியில் போட்டு, மேலே நல்லெண்ணெய் நிற்கவிட்டு, வாயைத் துணியால் கட்டிவிட்டு, மகள் பிரசவத்துக்குக் காஞ்சிபுரம் போய்விட்டார். தனக்குப் பதிலாகச் சமைக்க ஒரு ஆளை விட்டுவிட்டுப் போனார்.

அவர் இல்லாத நாளில் மண்டிக்காரர் கோயிலுக்கு ஒரு பித்தளை அண்டா கொடுத்தார். மேளத்தோடு வண்டியில் வந்தது. பேர் வெட்டிய அண்டா. அப்படி ஒரு மினுமினுப்பை நான் பார்த்ததே இல்லை. வெளியே மட்டும் இல்லை, உள்ளேயும் தங்கம் மாதிரி ஜொலித்தது. பிறகுதான் தெரிந்தது. புது அண்டாவுக்கு உள்ளே ஈயம் பூசி வெள்ளையாக இருந்திருக்கிறது. கோயிலுக்குக் கொடுக்கிற பாத்திரத்தில் இது என்ன அழுக்கு என்று மண்டி ஆட்கள் நாலு பேர் புளியும் செங்கல் பொடியும் போட்டு மூன்று நாள் தேய்த்து, அந்த வெள்ளையை மொத்தமும் எடுத்துவிட்டார்கள். பக்தியில் செய்த வேலை. ஆபீசருக்கு அண்டாவைப் பார்த்துப் பூரித்துப்போய்விட்டது. உபயதாரர் பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று, ஜாடியில் இருந்த புளிக்காய்ச்சலை எடுத்து அதில் ஊற்றச் சொன்னார். பதில் ஆள் ஊற்றிவிட்டார். ஈயம் போன வெறும் பித்தளையில் புளி ஒரு வாரம் கிடந்தது.

கடைசிச் சனிக்கிழமை விடியற்காலை சாமி காஞ்சிபுரத்திலிருந்து வந்து சேர்ந்தார். நான் விறகு இறக்கிக்கொண்டிருந்தேன். அண்டா வாசற்படிக்கு உள்புறம், பேர் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருந்தது. அவர் துணியைக் கட்டிக்கொண்டு கரண்டியால் எண்ணெயை ஒதுக்கிப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து ஓரத்தைப் பார்த்தார்.

"டேய் சவுக்கு. இதுல எண்ணெய் என்ன நிறம் சொல்லு."

எட்டிப் பார்த்தேன். "எண்ணெ நெறந்தான் சாமி."

"நன்னாப் பாருடா."

நன்றாகப் பார்த்தால் ஓரத்தில் ஒரு பச்சை. குளத்துப் பாசியைக் கரைத்து ஒரு சொட்டு விட்ட மாதிரி. அதைப் பார்த்த பிறகு என்னால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

"உன் கத்தி தீட்டி எத்தனை நாள் ஆச்சு?"

"நேத்துதான்."

ஒரு வாழை இலையில் இரண்டு கரண்டி புளிக்காய்ச்சலை எடுத்து, வாசற்படி தாண்டி என் பக்கம் தள்ளினார். கத்தி முனையை அதில் புதைத்து வைக்கச் சொன்னார். வண்டியில் இருந்த மிச்ச விறகை அடுக்கி முடிக்கிற நேரம் போனது. எடுத்து வைக்கோலால் துடைத்துப் பார்த்தேன். இரும்பு புளியில் பட்டால் கறுக்கும், அது எல்லோருக்கும் தெரியும். இது சிவந்திருந்தது. செப்புக்காசு நிறத்தில் ஒரு தோல் கத்தி மேலே படிந்திருந்தது.

"புளி பித்தளையை அரிச்சு களிம்பு இறங்கியிருக்கு, விஷம்டா. இத்தனை பேர் வயித்துக்குப் போனா கும்பகோணம் டாக்டர் வந்தாலும் காப்பாத்த முடியாது" என்றார். ஏன் கும்பகோணம் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு டாக்டர் என்றால் கும்பகோணம்தான்.

வெளியே அதற்குள் வரிசை பெரிசாகிவிட்டது. திருப்போரூர்ப் பக்கத்திலிருந்து, நெம்மேலியிலிருந்து, உப்பளத்திலிருந்து என்று ஜனம் வந்துகொண்டே இருந்தது. என் பெண்சாதியும் ஏழு மாதத்து வயிற்றோடு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றிருந்தாள். மண்டிக்காரர் தன் ஊர்ப் பெரிய மனிதர்கள் ஆறேழு பேரோடு வந்தார். அவர்களை முன்மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டு, அவரும் ஆபீசரும் பின்கதவுக்கு வந்தார்கள்.

சாமி விஷயத்தைச் சொன்னார். மண்டிக்காரர் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னா சாமி, என் அண்டாவுல வெஷம்னு சொல்றீங்களா?"

"அண்டா நல்ல அண்டா. ஈயம் பூசிட்டா நூறு வருஷம் உழைக்கும். உள்ளே இருக்கறது ஆகாது. எனக்கு ஒண்ணரை மணி நேரம் குடுங்கோ, இதே அரிசியில வெண்பொங்கல் பண்றேன். உங்க பேரைச் சொல்லியே குடுக்கறேன்."

"நான் வேண்டிக்கினது புளியோதர. ஊரக் கூட்டிக்கினு வந்து பொங்கல் போடவா?"

ஆபீசர் பேனாவை நீட்டினார். "பத்து நாள் என்றுதான் போர்டு சொல்கிறது, பதினாலு நாள் ஆகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் புளிக்காய்ச்சல் ஒரு மாசம் நிற்கும் என்று என் எதிரிலேயே சொன்னது யார்? தேதி காலண்டருக்கு என்று ஊரெல்லாம் பரப்பியது யார்?"

"நான்தான். இன்னிக்கும் அதைத்தான் சொல்றேன். இது பதினாலு நாளால கெடலை. ஜாடியிலயே இருந்திருந்தா இன்னும் ஒரு மாசம் உங்களுக்கே போடுவேன். நீங்க மாத்தி ஊத்தின பாத்திரத்தால கெட்டுது."

நான் கத்தியைத் தூக்கிக் காட்டினேன். மண்டிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெறகு வெட்ற கத்தி, எந்தத் துருவோ" என்றார்.

"மோந்து பார்த்தீரா?" என்று கேட்டார் ஆபீசர். "ருசி பார்த்தீரா?"

அந்தக் கேள்வியில் இருந்த கண்ணி எனக்கே புரிந்தது. பார்த்தேன் என்றால் அந்த நிமிஷமே வேலை போயிற்று. பார்க்கவில்லை என்றால் கெட்டது என்பதற்கு என்ன சாட்சி?

"பாக்கலை. பாக்கக் கூடாது. கண்ணால பாத்தேன்."

"உம்முடைய கண் பார்த்த லட்சணம்தான் பொங்கலில் தெரிந்ததே! நாற்பது பேரைப் பட்டினி போட்ட கண்." ஆபீசர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "இவர் ஒதுங்கட்டும். நீங்கள் கிளறுங்கள்."

பதில் ஆள் ஏற்கெனவே சோற்றைப் பாயில் ஆற வைத்து நின்றுகொண்டிருந்தார். கரண்டியை எடுத்தார். அவர் மேல் தப்பில்லை, சொன்னதைச் செய்கிற ஆள். சாமி மாட்டேன் என்று ஒதுங்கினால் எதுவும் நிற்கப் போவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரை மணி நேரத்தில் சோறு கலந்து, திரை போட்டு, மணி அடித்து, வரிசைக்கு வந்துவிடும். தூக்குச்சட்டியை நீட்டிக்கொண்டு நிற்கிறவளிடம் ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று ஒரு கால் எடுத்து வைத்தேன். அவள் ஒருத்தியிடம் சொல்வேன், மற்றவர்களிடம்? விறகுக்காரன் பேச்சைக் கேட்டு, பிரசாதத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

"சாமி நல்லதுக்குத்தான் சொல்றாரு" என்று ஆபீசரிடம் வாயைத் திறந்தேன். "உன்னை யார் கேட்டது?" என்றார்.

மண்டிக்காரர் கொஞ்சம் தணிந்து பேசினார். "வுடுங்க சாமி. பெருமாளுக்குத்தான மொதல்ல காட்டப் போறோம்? முதல் வாசன அவருக்குன்னு நீங்கதான சொல்வீங்க. அவரு மோந்து பாக்கட்டும். கெட்டதுன்னா அவரே சொல்லட்டும்."

ஆபீசரும் தலையாட்டினார்.

சாமி அண்டாவைப் பார்த்தார். பிறகு வரிசை நின்ற பக்கம் பார்த்தார். சுவருக்கு மேலே தலைகளும், தலைக்கு மேல் பிடித்த பாத்திரங்களும்தான் தெரிந்தன. பிறகு சன்னிதி இருந்த திசையில் கையை நீட்டினார்.

"அவர் மோந்து பாத்துட்டு எழுந்து வந்து சொல்லப் போறாரா? சொல்ல மாட்டார். அவர் வாய் கல்லு ஓய். வெளியில வரிசையில நிக்கறவா வாய் கல்லு இல்லை."

சொல்லிவிட்டு, இரண்டு கையையும் பின்கழுத்துக்குக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தார். முப்பது வருஷத்துத் துணி மூக்கிலிருந்து இறங்கியது. அது மூடியிருந்த இடம் மட்டும் வெயிலே படாத மாதிரி வெளுத்திருந்தது. பதில் ஆள் கரண்டியோடு இரண்டடி பின்னால் போனார். சாமி அண்டாவின் மேல் குனிந்து, எங்கள் எல்லோர் எதிரிலும், நெஞ்சு விரிய ஒரு மூச்சு இழுத்தார். ஆள்காட்டி விரலை விட்டு எடுத்தார். வாயில் வைத்துச் சப்பினார். "ஐயையோ" என்றார் ஆபீசர். வாசற்படிக்கு வெளியே என் பக்கம் திரும்பித் துப்பினார் சாமி. பிறகு அந்த எச்சில் கையைத் துடைக்காமல், அண்டாவுக்குள் முழங்கை முங்கும் வரை விட்டு, அடியிலிருந்து மேல்வரைக்கும் ஒரு கிளறு கிளறினார்.